திரும்பி வர ஒரு கோச்சி

றிச்மண்ட் ஹில் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பேவியூ வீதிப் பிள்ளையார் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவிலிருந்தும் பிரம்டனிலிருந்தும் சனம் வரும். கார் விட இடம் தேடி, அர்ச்சனை செய்து, புக்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "நீங்கள் குடுத்துவைச்சனீங்கள், பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இருக்கிறியள்" என்று எனக்குச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற றிச்மண்ட் ஹில் ஒன்று, திங்கட்கிழமை விடியப்புறம் பார்க்கிற றிச்மண்ட் ஹில் வேறொன்று. இரண்டாவது ஊரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இங்கே வீடும் ரொறன்ரோ நகர நடுவில் வேலையும் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது தெரிந்த ஊர்.

நான் ஒன்ராறியோ மாகாண அரசில் வேலை செய்கிறேன். கந்தோர் குயின்ஸ் பார்க்குக்குக் கிட்ட, பே வீதியும் வெல்லஸ்லி வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற அரசுக் கட்டடங்களில் ஒன்று. இந்த வேலை கிடைத்த நாளில் அப்பா ஊரிலும் லண்டனிலும் உள்ள அத்தனை பேருக்கும் போன் எடுத்துச் சொன்னார். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்பது அவருடைய தலைமுறைக்கு வேதவாக்கு. அவரும் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். இப்போது 83 வயது, எங்களோடுதான் இருக்கிறார்.

கொரோனா அடங்கிய பிறகு எங்களுக்குக் கிழமையில் மூன்று நாள் கந்தோர், இரண்டு நாள் வீடு என்று ஒரு ஒழுங்கு இருந்தது. 2025 ஆகஸ்ட் 14ஆம் திகதி அரசு புதிய அறிவிப்பை வெளியிட்டது. அக்டோபர் 20இலிருந்து நாலு நாள், 2026 ஜனவரி 5இலிருந்து ஐந்து நாளும் கந்தோர். அரசு ஊழியர் 60,000க்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கனவே ஐந்து நாளும் வேலைத்தலத்துக்குப் போகிறவர்கள் என்று அரசு சொன்னது. அது நியாயமான பேச்சு. சிறைக் காவலருக்கும் வீதி பரிசோதகருக்கும் வீட்டிலிருந்து வேலை என்று ஒன்று எப்போது இருந்தது? பக்கத்து வீட்டு அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. "நாங்கள் கொரோனா நேரமும் பஸ்சில போனனாங்கள், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டா. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே போக வேணுமா வேண்டாமா என்ற கதையை விட்டுவிடுவோம். எப்படிப் போவது என்பதுதான் என் கதை.

என் வீடு யங் வீதியும் மேஜர் மக்கென்ஸியும் சந்திக்கிற பழைய ஊர்ப்பக்கம். விடிய ஆறேகாலுக்கு வெளிக்கிட்டு எட்டு நிமிடம் நடந்தால் வீவா புளூ பஸ். 2005இல் வீவா ஓடத் தொடங்கியபோது இந்த நீல பஸ்கள் பெரிய புதினம். இப்போது எங்கள் பக்கத்து யங் வீதியின் நடுவில் பஸ்சுக்கென்றே தனிப் பாதை, சிவப்புத் தரை, கண்ணாடித் தரிப்பிடங்கள். பல வருடம் வீதியைக் கிண்டி, கடைக்காரரையும் எங்களையும் அலைக்கழித்து, 2020 கடைசியில் அந்த வேலை முடிந்தது. முடிந்த பிறகு சொல்கிறேன், நல்ல வேலைதான். மேஜர் மக்கென்ஸியிலிருந்து ஹைவே 7 வரை பஸ் வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்து லேனில் கார்கள் வரிசையாக நிற்பதை உள்ளே இருந்து பார்க்க ஒரு சின்னச் சந்தோசம்.

ஹைவே 7ஐத் தாண்டினால் அந்தச் சந்தோசம் முடிந்துவிடும். தனிப் பாதை அதோடு சரி. தோர்ன்ஹில், ஸ்ரீல்ஸ் என்று பிஞ்ச் சப்வே வரைக்கும் பஸ்சும் கார்களோடு சேர்ந்து நகர வேண்டும். காரணம், அந்தத் துண்டுக்கு வரப்போவது சப்வே. பிஞ்ச்சிலிருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு சுமார் 8 கிலோமீற்றர் நீட்டிப்பு. கடைசி நிலையம் ஹைரெக் வீதியில். நான் இங்கே வீடு வாங்கியபோது வீட்டு ஏஜென்ட் சொன்ன முதல் வசனமே "சப்வே வரப்போகுது" என்பதுதான். அப்போது என் மகன் பிறக்கவில்லை. அந்த ரயில் ஓடும்போது அவன் அதில் ஏறி யூனிவர்சிற்றிக்குப் போவான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த யங் வீதியில் ஏற்கனவே ரயில் ஓடியது. 1890களில் ரொறன்ரோவிலிருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. பிறகு அது வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் சட்டன் வரைக்கும் போனது. 1930இல் நிற்பாட்டினார்கள். றிச்மண்ட் ஹில் வரையுள்ள துண்டை மட்டும் அதே வருடம் மறுபடி ஓடவிட்டு, 1948இல் அதையும் எடுத்துவிட்டு பஸ் விட்டார்கள். தண்டவாளம் இருந்த தெருவிலிருந்துதான் நாங்கள் இப்போது சப்வேக்குக் காத்திருக்கிறோம்.

பிஞ்ச்சில் ஒரு நன்மை. அதுதான் முதல் நிலையம் என்பதால் இருக்க இடம் கிடைக்கும். வெல்லஸ்லி வரை அரை மணித்தியாலம் நித்திரை கொள்ளலாம். எங்கட ஆட்கள் சிலர் ஷெப்பர்ட் வருவதற்குள் குறட்டை விடுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் விட்டிருப்பேன், யாருக்குத் தெரியும். வீட்டு வாசலிலிருந்து கந்தோர் மேசை வரை மொத்தம் ஒன்றரை மணித்தியாலம்.

முன்பெல்லாம் ஸ்ரீல்ஸ் எல்லையைத் தாண்டினால் இரண்டு காசு. யோர்க் பஸ்சுக்கு ஒன்று, ரீரீசிக்கு இன்னொன்று. 2024 பெப்ரவரி 26இலிருந்து ஒரே கட்டணம். பிறெஸ்ரோ காட்டை ஒருக்கால் தட்டிவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் இரண்டாவது காசு இல்லை. வருடத்துக்கு 1,600 டொலர் அளவில் மிச்சம் என்று மாகாண அரசு கணக்குச் சொன்னது. ஒரு அடி தண்டவாளம் போடவில்லை, ஒரு வீதியைக் கிண்டவில்லை. கணக்கு முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். என் பயணத்தில் இந்தப் பத்து வருடத்தில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழி கோ ரெயின். 1978இல் தொடங்கிய றிச்மண்ட் ஹில் பாதை இது. நியூகேர்க் வீதி நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஏறினால் முக்கால் மணித்தியாலம் அளவில் யூனியன். அங்கிருந்து சப்வேயில் நாலு நிலையம் மேலே வந்தால் குயின்ஸ் பார்க். பஸ் வழியை விடக் கால் மணித்தியாலம் மிச்சம், அலைச்சலும் குறைவு.

ரொறன்ரோவில் அழகான ரயில் பயணம் எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஓரியோல் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் டொன் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். அதன் பிறகு நகரமே தெரியாது. இரண்டு பக்கமும் மரங்கள், வளைந்து வளைந்து கூடவே வரும் ஆறு, பழைய செங்கல் சூளைக் கட்டடங்கள், தலைக்கு மேலே புளோர் வீதிப் பெரிய பாலம். நவம்பரில் இலை எல்லாம் கொட்டி, ஆற்றில் நீராவி மாதிரிப் பனிப்புகார் நிற்கும். ஒரு நாள் மான் ஒன்று நின்று ரயிலைப் பார்த்தது. பெட்டியில் இருந்த ஒருவரும் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 2013 ஜூலை 8ஆம் திகதி பின்னேரம் பெய்த மழையில் பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீற்றர் பதிவானது. றிச்மண்ட் ஹில்லுக்கு வந்துகொண்டிருந்த ரயில் டொன் ஆற்று வெள்ளத்துக்குள் அகப்பட்டுவிட்டது. உள்ளே சுமார் 1,400 பேர். கீழ்த்தட்டுக்குள் தண்ணீர் ஏற, சனம் மேல்தட்டுக்கு ஓடியது. பொலிஸ் படகுகள் வந்து ஒவ்வொருவராக ஏற்றி முடிக்க நடுச்சாமம் தாண்டிவிட்டது. வேலை முடிந்து வீடு போக ரயில் ஏறியவர்கள் படகில் கரை சேர்ந்தார்கள்.

இந்தப் பாதையின் உண்மையான குறை வெள்ளம் அல்ல. ரயில் காலையில் தெற்கே போகும், பின்னேரம் வடக்கே வரும். எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. நடுப்பகலில் ரயில் இல்லை, பஸ்தான். வடக்குப் பகுதித் தண்டவாளம் சீஎன் கம்பனிக்குச் சொந்தம், அதில் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. தோர்ன்ஹில் பக்கம் சீஎன்னின் கிழக்கு மேற்குச் சரக்குப் பாதை இந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டும் ஒரே மட்டத்தில். சரக்கு ரயில் போகும்போது எங்கள் ரயில் நிற்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பக்கமும் ரயில் விடுவது சொல்வது போல் சுலபமில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த விசயம்தான். தெரிந்தது மனதில் பட்டது போன கிழமை.

முதல் ஸ்நோ விழுந்து இரண்டாம் நாள். நான் ரயிலில் போயிருந்தேன். பதினொன்றேமுக்காலுக்கு மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். காய்ச்சல், சத்தி எடுக்கிறான், கூட்டிக்கொண்டு போங்கோ. இவருக்கு மிஸிசாகாவில் வேலை, அன்றைக்கு ஒரு மெசினுக்கு முன்னால் நின்று விலக முடியாத வேலை. என் மேலாளர் நல்ல மனுசி. கேட்டு முடிக்க முன்னமே "போ, போ" என்றா. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் யோசனை வந்தது. எதில போறது?

கார் நியூகேர்க்கில் நிற்கிறது. அதற்குப் போகிற ரயில் பின்னேரம்தான். ஊபரைப் பார்த்தேன். டொன் வலி பார்க்வேயில் விபத்து, ஒன்றேகால் மணித்தியாலம் காட்டியது. வெல்லஸ்லியில் சப்வே ஏறி, பிஞ்ச்சில் வீவா பிடித்து, மேஜர் மக்கென்ஸியில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். சப்வேக்குள் இருந்தபடி பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். "தாத்தா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றார்கள்.

அப்பாவா? போன வருடம் இடுப்புச் சத்திர சிகிச்சை செய்த மனிதன். ஸ்நோ காலத்தில் வாசற்படி தாண்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து சாதாரணமாகப் பத்து நிமிட நடை. அப்பா ஊன்றுகோலோடு, இவருடைய பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பிடித்த நடைபாதையில் போயிருக்கிறார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. நானும் இவரும் தூரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்து, பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கும் அடித்திருக்கிறார்கள்.

நான் உள்ளே வர ஒன்றரை தாண்டிவிட்டது. மகன் சோபாவில் நித்திரை. நெற்றியில் ஈரத்துணி. அப்பா பக்கத்தில் கதிரையில், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"விழுந்திருந்தா என்ன செய்யிறது அப்பா?"

"விழேல்லைத்தானே. நீ ஏன் சுணங்கினனி? லீவு தரேல்லையோ?"

"லீவு தந்தது. ரெயின் இல்லை."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் பலமுறை கேட்ட கதையை, நான் கேட்டிராத விதமாகச் சொன்னார்.

1979. அப்பா வெள்ளவத்தையில் ஒரு சமறியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஐந்தாறு பேர் சேர்ந்து வீடெடுத்து, ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டு வாழ்கிற வாழ்க்கை. குடும்பம் சுன்னாகத்தில். மாதத்தில் ஒருக்கால், வெள்ளிக்கிழமை இரவு கோட்டையில் மெயில் ரயில் ஏறினால் விடிய ஊர். ஞாயிறு இரவு திரும்பவும் மெயில். பகலில் ஓட 1956இலிருந்து யாழ்தேவி இருந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்துக்குச் சில தடவை ரயில்வே வாரன்ட் கிடைக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. அந்தப் பாதை 1990இல் நின்று, 2014இல்தான் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் காலத்தில் அது ஒவ்வொரு நாளும் தவறாமல் ஓடிய கோச்சி.

நான் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தந்தி அன்று பின்னேரமே கந்தோருக்கு வந்துவிட்டது. லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டிய பெரியவர் வெளியூர் போயிருந்தார். வேறு யாரும் வைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைதான் கையெழுத்து. சனிக்கிழமை விடிய அப்பா சுன்னாகம் ஸ்ரேசனில் இறங்கினார். "நீ பிறந்து அஞ்சாம் நாள்தான் உன்ர முகத்தைப் பாத்தனான்."

இந்தக் கதை எங்கள் வீட்டில் எப்போதும் பகிடியாகத்தான் சொல்லப்படும். அன்றைக்கு அப்பா சிரிக்கவில்லை.

"எனக்குக் கோச்சி இருந்தது, லீவு இல்லை. உனக்கு லீவு இருக்கு, கோச்சி இல்லை. இரண்டும் சேந்து ஒருத்தருக்கும் கிடைக்காது போல."

பழைய கிளாக்கர் அல்லவா, பிறகு ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்குப் போகவர மூன்று மணித்தியாலம். கிழமைக்கு 15. வருடத்தில் 46 கிழமை வேலை என்றால் 690. இருபத்துநாலால் பிரித்தார். 28 நாளுக்கு மேலே. "வருசத்தில ஒரு மாசம் நீ பஸ்சுக்குள்ள சீவிக்கிறாய் பிள்ளை" என்று சொல்லி உறையை என்னிடம் தந்தார். அது இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து வேலைப் பயணத்தை முன்னேற்றுவது பற்றி யார் பேசினாலும் நான் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன். நடுப்பகலில் திரும்பி வரலாமா? எவ்வளவு கெதியாகப் போகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளையோ வயதான தாய் தகப்பனோ வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது பாதிக் கேள்விதான். இந்தப் பயத்தால்தான் ரயில் இருந்தும் பலர் காரை எடுக்கிறார்கள். 404இல் அரக்கி அரக்கிப் போனாலும், தேவையான நேரம் திரும்பலாம் என்ற ஒரு நம்பிக்கை.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வாஷிங்டன் பகுதியில் 1997இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. காரை விட்டு பஸ்சிலோ ரயிலிலோ கூட்டுக் காரிலோ ஒழுங்காக வேலைக்கு வருகிறவர்கள் பதிந்து வைத்தால், திடீர் வருத்தமோ வீட்டில் அவசரமோ என்றால் வருடத்தில் சில தடவை இலவசமாக வீடு கொண்டுபோய் விடுவார்கள். டாக்சிக் காசு அவர்களது. அதே ஊரில் மத்திய அரசு ஊழியருக்குப் பொதுப் போக்குவரத்துச் செலவைக் கந்தோரே கொடுக்க வேண்டும் என்று 2000இல் கிளின்டன் ஆணை போட்டார். கனடாவிலும் 2006இலிருந்து மாதப் பாஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வருமான வரிச் சலுகை இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள்.

சப்வே வரும்போது வரட்டும். அதற்கிடையில் செய்யக்கூடியவை சின்ன விசயங்கள். ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிக்க விரும்புகிறவரை விடலாம். ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள அரசுக் கட்டடங்களில் ஒரு மேசை தரலாம். அதுவும் கந்தோர்தானே. நடுப்பகலில் ஒரேயொரு ரயிலாவது வடக்கே விடலாம். ஒரே கட்டணம் வருமென்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

நான் என் பங்குக்கு இரண்டு வேலை செய்தேன். வேலை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளித் தரும்படி மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறா. பள்ளிக்கூடப் பட்டியலில் மூன்றாவது பெயரை மாற்றினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரவு வேலை, பகலில் வீட்டில் இருப்பா. கேட்டதும் "இதென்ன கேள்வி" என்றா. கொரோனா நேரம் பஸ்சில் போன அதே அக்காதான்.

அப்பாவுக்குப் பெயர் எடுபட்டதில் கொஞ்சம் மனவருத்தம். நாலாவதாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு அளவான, வழுக்காத பூட்ஸ் ஒரு சோடி வாங்க வேணும். போகாதே என்றால் கேட்கிற மனிதன் அல்ல.